நாலாம் தொட்டி

வைரஸ் விட்ட ஒன்பதாம் நாள் காலை நாலாம் தொட்டியில் பதினான்கு மீன்கள்தான் செத்திருந்தன. எண்பதில் குறைந்தது அறுபது செத்திருக்க வேண்டும்.

பூங்கோதை இரண்டாம் முறை எண்ணினார். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

கடலோர ஆராய்ச்சி நிலையம் அது. கொடுவா மீன் குஞ்சுகளைக் கொல்லும் வைரஸின் ஒரு கூறு உள்ளேயே விளையும்படி நுண்பாசியை மாற்றி வளர்த்திருந்தார் பூங்கோதை. அந்தப் பாசியை உலர்த்தித் தீவனத்தில் பிசைந்து கொடுத்தால், தின்கிற மீனுக்கு நோயை எதிர்க்கும் சக்தி வர வேண்டும். ஊசி தேவையில்லை.

முதல் மூன்று தொட்டிகளுக்கு அந்தத் தீவனம். நாலாம் தொட்டிக்கு மாற்றப்படாத வெறும் பாசி. மூன்று வாரம் தீனி, பிறகு நான்கிலும் வைரஸ். நாலாம் தொட்டி சாக வேண்டும். அது செத்தால்தான் மற்ற மூன்றும் மருந்தால் பிழைத்தன என்று சொல்ல முடியும்.

தீவனம் பிசைந்தவர் சவரிமுத்து. பூங்கோதையைவிடப் பத்து வயது மூத்தவர். போன வருஷம் கழிமுகத்தில் தன் குளத்து மீன் மொத்தமும் செத்தபின், இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றவர்.

"அண்ணே, நாலாம் தொட்டித் தீவனப் பையை நிறுத்துப் பார்த்தேன். முக்கால் கிலோ கூடுதலா மிச்சம் இருக்கு."

சவரிமுத்து தொட்டியைப் பார்த்தார்.

"மருந்துப் பையில அதே முக்கால் கிலோ குறையுது."

அவர் கையைத் துண்டில் துடைத்தார். கையில் ஈரம் இல்லை.

"காலைத் தீனி மட்டும்தான் மேடம் மாத்தினேன். சாயந்திரம் வெறும் பாசிதான் போட்டேன்."

"ஏன்?"

"எங்க குளத்துல அதுங்க கறுத்துப்போய், பம்பரம் மாதிரி சுத்திச் சுத்தி செத்துச்சு. நாலு நாள் கரையில உட்கார்ந்து பார்த்தேன். இங்கேயும் பார்க்கணுமா? மருந்தைக் கையில வெச்சுக்கிட்டு எப்படி மேடம் கொடுக்காம இருக்கிறது?"

பூங்கோதை அலமாரியைத் திறந்து மீனை மயக்கிக் கொல்லும் கிராம்பு எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினார்.

"நாலாம் தொட்டிக்கு."

"உயிரோட இருக்கே."

"வைரஸ் பட்ட மீன் எதுவும் இந்தக் கட்டடத்தை விட்டு உயிரோட போகாது. முதல் நாளே சொன்னேன்."

"சொன்னீங்க. பிழைச்சதுமான்னு நான் கேட்கல."

சவரிமுத்து எண்ணெயை ஊற்றினார். விரல் நீளக் குஞ்சுகள் கொஞ்ச நேரம் தடுமாறின. பிறகு ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. செவுள் அசைவு நிற்கும்வரை காத்திருந்து, வலையால் அள்ளிச் சுண்ணாம்பு டிரம்மில் போட்டார்.

"அறுபத்தாறு," என்றார். யாரும் கேட்கவில்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கை முழுக்கச் சுண்ணாம்பு. பூங்கோதை எடுத்து, ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்தார். சவரிமுத்துவின் மச்சினன் இஞ்ஞாசி.

"என்ன மச்சான், பாசி டாக்டர் ஆயிட்டீங்களாமே. அக்கா ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுது." சிரித்தான். "வர்ற பௌர்ணமிக்குக் குஞ்சு இறக்குறோம். நம்ம ஊர் நாற்பது குளமும். மருந்து பலிக்குதா? அதை மட்டும் சொல்லுங்க."

சவரிமுத்து பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை போனை இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டினார்.

"அப்புறம் பேசுறேன் மாப்ள."

"ஒரு வார்த்தை சொல்ல என்ன? டாக்டர் ஆனதும் பிகுவா?"

"அப்புறம் பேசுறேன்."

பூங்கோதை போனை அணைத்து அவர் பையில் வைத்தார்.

"பலிக்குதுதானே மேடம்? பாதித் தீனிக்கே இது பிழைச்சிருக்கு."

"பலிச்சிருக்கலாம். நாம விட்ட வைரஸ் வீரியமில்லாமப் போயிருக்கலாம். ரெண்டுல எதுன்னு இந்தத் தொட்டிதான் சொல்லியிருக்கணும்."

"மறுபடி செய்வோம். நான் கை வைக்க மாட்டேன்."

"செய்வோம். புதுக் குஞ்சு வாங்கி, வளர்த்து, முடிக்க நாலு மாசம்."

"அதுவரைக்கும் குளத்துல இறக்காதீங்கன்னு சொல்லட்டுமா?"

"கேட்பாங்களா?"

சவரிமுத்து டிரம்மின் மூடியை அழுத்தினார்.

"மாட்டாங்க. போன வருஷம் நானும் கேட்கல."

பூங்கோதை தொட்டியின் அடியில் அடைப்பைத் திறந்தார். தண்ணீர் கிருமிநாசினித் தொட்டிக்குப் போகத் தொடங்கியது.

"அப்ப அந்த நாற்பது குளத்துக்கும் என்ன மேடம் போடுறது?"

"நாலாம் தொட்டிக்கு உங்களைப் போடச் சொன்னதுதான், அண்ணே. மருந்தில்லாத வெறும் தீனி."