எதிரிக்குத் தெரியாமல் படையைக் குறைத்த கதை

சுரைக்குடி என்றொரு நாடு. நாடு என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கிழக்கு எல்லையில் ஒருவர் தும்மினால் மேற்கு எல்லையில் இருப்பவர் ‘நூறாயுசு’ என்று வாழ்த்தலாம், அவ்வளவுதான். அதற்கும் ஒரு ராஜா, ஒரு அமைச்சர், ஒன்பது வீரர்கள், அந்த ஒன்பது பேருக்கும் சங்கிலி என்றொரு தளபதி.

ஒருநாள் சபையில் அமைச்சர் எழுந்தார்.

“மகராஜா, இருபது வருஷமாகப் பக்கத்து நாட்டு உடும்பன் நம் மேல் படையெடுத்து வரவில்லை. வராத ஒருவனுக்காக எதற்கு இவ்வளவு செலவு?”

“படை இருக்கிறதனாலதான் அவன் வரலை!” என்றார் சங்கிலி.

“இருபது வருஷம் வராமல் இருந்தவனுக்கு வராமல் இருப்பது இந்நேரம் பழகியிருக்கும். படை எதற்கு?” என்றார் அமைச்சர்.

ராஜா நெடுநேரம் மீசையைத் தடவினார்.

“இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால் படையைப் பாதியாக்கிவிடு, சங்கிலி. ஆனால் உடும்பனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்ததோ, நாளையிலிருந்து அரண்மனை எருமைகளைக் குளிப்பாட்டுவது நீதான்.”

சங்கிலி நடுங்கிப்போனார். போருக்கு அவர் பயந்ததில்லை, போரைப் பார்த்ததில்லை. எருமையைப் பார்த்திருக்கிறார்.

அன்றே வீரர்களைக் கூட்டினார்.

“ஒன்பதில் பாதி நாலரை. அந்த அரை ஆள் யாருண்ணே?” என்று கேட்டான் மூக்கன்.

எல்லாருடைய கண்ணும் தவசி பக்கம் திரும்பியது. தவசி கொஞ்சம் குள்ளம்.

“என்னை ஏன்டா பாக்குறீங்க? உசரந்தான் கம்மி. சோறு முழுசாத்தான் திங்கிறேன்!”

அரை நாழிகை யோசித்துச் சங்கிலி தீர்ப்புச் சொன்னார். யாரையும் நீக்க வேண்டாம். ஒன்பது பேரும் உச்சிப்பொழுது வரைக்கும் வீரர்கள். அதற்குப் பிறகு யாரோ. ஒன்பது ஈட்டிகளையும் பாதியாக வெட்டினார்கள். முனை கிடைத்தவன் கிட்டே போய்க் குத்த வேண்டும். வெறுங்கம்பு கிடைத்தவன் தூரத்திலிருந்து பயமுறுத்த வேண்டும். கோட்டை வாசலின் இரட்டைக் கதவில் ஒன்றைக் கழற்றி வைத்தார்கள். மற்றொன்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள், சிக்கனத்துக்காகப் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாதல்லவா?

குறைத்தாயிற்று. உடும்பனுக்குத் தெரியுமா தெரியாதா? சங்கிலிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் தவித்துவிட்டு, நேரில் கேட்டுவிடுவதே நல்லது என்று உடும்பனின் அரண்மனைக்கே போனார்.

உடும்பன் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஐயா, மறைக்காமச் சொல்லணும். எங்க படையைப் பாதியாக் குறைச்சது உங்களுக்குத் தெரியுமா?”

வெற்றிலை மடித்த கை அப்படியே நின்றது. “தெரியாதே! எப்போ?”

“வெள்ளிக்கிழமைங்க. மத்தியானத்துக்கு மேல யாருமே கிடையாது. அதுவும் தெரியாதில்ல?”

“சத்தியமாத் தெரியாது.”

“வாசல்ல ஒரு கதவைக் கழட்டினது?”

“அடடே! எந்தப் பக்கத்துக் கதவு?”

“இடது பக்கம்.”

“கேள்விப்படவே இல்லையே!”

சங்கிலியின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “ரொம்ப சந்தோஷம். இப்படியே இருங்க ஐயா. இதை ஒரு ஓலையில எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்.”

உடும்பன் சிரிப்பை அடக்க முடியாமல் தும்முவதுபோல் நடித்துக்கொண்டே எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்தான். அதைப் பார்த்த ராஜா சங்கிலிக்குப் பட்டுப் போர்த்தினார்.

மறுநாள் பிற்பகலில் உடும்பன் இருநூறு பேரோடு வந்து சேர்ந்தான். வலது கதவு பத்திரமாகப் பூட்டியிருந்தது. இடது பக்கமாக நுழைந்தான். உள்ளே ஒன்பது பேரும் மரத்தடியில் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“டேய், எழுந்து சண்டைக்கு வாங்கடா!”

“காலையில வாங்கண்ணே,” என்றான் மூக்கன், காயை நகர்த்திக்கொண்டே. “இப்ப நாங்க யாரோ.”

உடும்பன் நேரே சபைக்குள் போய் வாளை உருவினான். ராஜா வெளிறிப்போனார். அமைச்சர் மட்டும் சன்னல் வழியே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“மகராஜா! இருநூறு பேர்! குதிரை வேறு! சம்பளம் கேட்காத படை! இனி எவன் நம் கோட்டைக்குள் வருவான்?”

ராஜாவின் முகம் மலர்ந்தது. “சங்கிலி, பாதியாக்கத்தானே சொன்னேன்? செலவே இல்லாமல் பண்ணிவிட்டாயே! இந்தப் படை இருக்கும்வரை நீதான் தளபதி.”

உடும்பன் மூன்று நாள் கொள்ளையடித்துப் பார்த்தான். கொள்ளையடிக்க ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு ராஜா தினமும் காலையில் வந்து அவனுடைய ஆட்களை வரிசையில் நிற்கவைத்து, “மேற்குச் சுவரில் இன்னும் பத்துப் பேர் நில்லுங்கள்” என்று கட்டளை போட்டார். நான்காம் நாள் அவனுக்கு வெறுத்துவிட்டது.

“கிளம்புங்கடா, ஊருக்குப் போவோம்!”

சங்கிலியின் காதில் அது விழுந்தது. படை போனால் பதவியும் போகும். “டேய் மூக்கா! தவசி! எல்லாரும் வாங்கடா!” என்று அலறிக்கொண்டு ஓடினார்.

சுரைக்குடி வரலாற்றின் முதல் போர் அன்றுதான் நடந்தது. உச்சிப்பொழுது தாண்டியும் ஒருவன்கூடக் களத்தைவிட்டு நகரவில்லை. இருவர் குதிரை வாலைப் பிடித்துத் தொங்கினார்கள். தவசி ஒருவனின் தலைப்பாகையைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. மூக்கனும் மற்றவர்களும் கழற்றிய கதவைச் சுமந்துவந்து பழைய இடத்தில் மாட்டிப் பூட்டிவிட்டார்கள். வாசல் இருபது வருஷத்தில் இல்லாத அளவுக்கு இறுக மூடிக்கொண்டது. சங்கிலி உடும்பனின் காலைக் கட்டிக்கொண்டார்.

“விடுய்யா காலை!” என்று கத்தினான் உடும்பன்.

சங்கிலி இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். “போயிடாதீங்க ஐயா! நீங்க போனப்புறம் எதிரி வந்தா நாங்க என்ன பண்ணுவோம்?”

“யோவ், உங்களுக்கு இருக்கிற ஒரே எதிரி நான்தான்யா!”

சங்கிலி வாசல் சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

“அப்படின்னா உங்களை விடவே முடியாதுங்க. வெளியே போனாத்தானே உள்ளே வருவீங்க?”