மூன்றாவது சுற்று

கோட்டைச் சிறையில் ஒன்பது வருஷமாக அடைபட்டுக் கிடந்தான் உடையப்பன். கற்பூரக் கடையில் கூலிக்கு நின்றவன். முதலாளி செய்த திருட்டுக்கு இவன் உள்ளே போனான். சன்னல் இல்லாத அறை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும்.

அந்த ஊர் மன்னருக்கு 'விட மாட்டேன்' என்று சொல்லக் கூச்சம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கைதிக்குச் சோதனை வைப்பார். சிறைக்குள் இருக்கும் அம்மன் சன்னிதி முன்னால் அகன்ற வெண்கல உருளி நிறையத் தண்ணீர். அதில் கைதி ஓர் அரசிலையை மிதக்கவிட வேண்டும். கை படாமல், ஊதாமல், அது தானாக மூன்று சுற்று வந்தால் விடுதலை. இல்லாவிட்டால் சாகும்வரை சிறை. இதுவரை ஓர் இலையும் அசைந்ததில்லை. மன்னருக்குக் கருணை உள்ளவர் என்ற பெயரும் கிடைத்தது, கைதியும் குறையவில்லை.

உடையப்பனின் முறை வந்தது. சோதனைக்கு முந்தின நாள், சன்னிதியில் விளக்கேற்றும் செங்கமலத்திடம், "பல்வலி உயிர் போகுதும்மா. துளி கற்பூரம் தர்றீங்களா?" என்று கேட்டான். சாமி கற்பூரத்தைக் கைதிக்குக் கொடுத்தால் கொடுத்தவருக்கும் சிறை. தெரிந்தும் இரக்கப்பட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டிவிட்ட கையோடு செங்கமலம் உருளிப் பக்கம் வந்து நின்றாள். மன்னர் பார்த்திருக்க, உடையப்பன் இலையை விட்டான். காம்போரம், அடியில் கற்பூரத் துணுக்கு ஒளிந்திருந்தது. சன்னிதி முழுக்கவே கற்பூர வாசனை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இலை நகர்ந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"தாயே, கண்ணைத் திறந்துட்டியே!" செங்கமலம் மெய்சிலிர்த்துப்போய் உருளியில் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இலை நின்றுவிட்டது.

"இரண்டரைதான். அம்மன் மனசு வைக்கலை" என்றார் மன்னர். "ஏதாவது சொல்லணுமா?"

உடையப்பன் அவள் விரலைப் பார்த்தான். இலையை எடுத்துக் கைக்குள் கசக்கினான். "ஒண்ணுமில்லீங்க, மகாராஜா."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இலையை நிறுத்தியது எது? அது தெரிந்தும் உடையப்பன் வாயை மூடிக்கொண்டது சரியா?

விடை: கற்பூரம் கரையும் பக்கம் தண்ணீரின் பரப்பு இழுவிசை தளரும், எதிர்ப்பக்கத் தண்ணீர் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எண்ணெய் விரல் பட்டதும் மெல்லிய படலம் பரவி எல்லாப் பக்கமும் ஒரேயளவு தளர்ந்துவிட்டது. நிறுத்தியது எண்ணெய் என்று அவன் சொன்னால், ஓட்டியது எது என்று மன்னர் கேட்பார். அடுத்த கேள்வி, கற்பூரம் யார் கொடுத்தது என்பது. அதனால் அவன் செய்தது சரி என்கிறேன், வயிறு எரிந்துகொண்டேதான் சொல்கிறேன். செங்கமலத்துக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவன் விடுதலைக்காகத் தினமும் விளக்கேற்றிவிட்டு, அந்த உருளியில் விரல் நனைத்துக் கண்ணில் ஒற்றி வேண்டிக்கொள்கிறாள்.