பத்தாவது சாமியார்

பதினோரு வருஷமாகப் பொன்னுரங்கம் ஊர் ஊராகப் போய்க் காது கேளாத ஊமையாக இருந்தான். பந்தலில் மூன்று நாள் சைகை காட்டிக்கொண்டு திரிவான். மூன்றாம் நாள் மாலை, மேடையில் அருள்வேல் சுவாமிகள் அவன் தொண்டையைத் தொடுவார். "அம்மா" என்பான். கூட்டம் அழும்.

ஆரம்பத்தில் ஓர் ஊரில் மாட்டிக்கொள்ள இருந்தார்கள். காது கேளாதோர் பள்ளி வாத்தியார் ஒருவர் அவனிடம் விரல்களால் ஏதோ கேட்டார். பொன்னுரங்கம் திருதிருவென்று விழித்தான். அன்றைக்கே சுவாமிகள் ஊரைக் காலி செய்தார். மறுவாரம் வேறு ஊரில் அப்படிப்பட்ட பள்ளி ஒன்றுக்கு அவனைச் சமையல் வேலைக்கு அனுப்பினார். எட்டு மாதம் கழித்து, விரல்களால் பேசத் தெரிந்தவனாகத் திரும்பினான்.

"இனி எந்த வாத்தியார் வேண்டுமானாலும் வரட்டும்" என்றார் சுவாமிகள்.

இந்த ஊரில் வாத்தியார் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மாடத்தி என்று ஒருத்தி, ஏழு வயது மகளோடு வந்தாள். பந்தலுக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கும் காது கேக்காதாமே. அதான் உங்கிட்டச் சொல்லுதேன். இவளுக்குப் பொறந்ததுலருந்து காதும் இல்ல, பேச்சும் இல்ல. ஒம்பது சாமியாரப் பாத்தாச்சு. ஒருத்தன் மஞ்சளச் சுட்டு நாக்குல வச்சான். அதுலருந்து ஆளக் கண்டா வாயே தொறக்க மாட்டா."

கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அவன் சோற்றைப் பிசைந்தான்.

காக்கை ஒன்று அவன் இலையிலிருந்த அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது. சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். நாக்கில் கறுத்த தழும்பு தெரிந்தது.

அவன் விரல்களை அலகாக்கிக் காட்டினான். காக்கை. உள்ளங்கையை வட்டமாக்கினான். அப்பளம். அவளும் அப்படியே செய்தாள். பிறகு தாயின் முகத்தைத் திருப்பி, காக்கை, அப்பளம், போயிற்று என்று கைகளால் சொன்னாள். இரண்டாம் முறையும் சொன்னாள்.

"ஏட்டி!" என்றாள் மாடத்தி. "என்னமோ சொல்லுதாளே!"

பொன்னுரங்கம் கை கழுவாமலே சுவாமிகளின் அறைக்கு ஓடினான். எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்தப் பிள்ளை என்னையும் தன்னைப்போல ஓர் ஆள் என்று நினைத்துவிட்டாள், சாமி. சாயங்காலம் நான் பேசினால் என்ன ஆகும்?"

"அம்மாக்காரி அவளை மேடைக்கு இழுத்து வருவாள். நான் தொடுவேன். அவள் பேச மாட்டாள். நம்பிக்கை போதவில்லை என்பேன்."

"பிறகு?"

"பதினோராவது சாமியார்."

தட்டியின் இடுக்கு வழியே சுவாமிகள் பார்த்தார். அவரைக் கண்டதும் சிறுமி தன் மோவாயிலிருந்து வயிறுவரை கையை இழுத்துக் காட்டினாள்.

"என்னடா அது?"

"தாடி, சாமி. உங்களுக்குப் பேர் வைத்திருக்கிறாள்."

சுவாமிகளுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநேரம் தாடியை நீவிக்கொண்டிருந்தார்.

"நீ சமைத்த பள்ளிக்கூடத்தில் இவளைச் சேர்ப்பார்களா?"

"சேர்ப்பார்கள், சாமி. ஆனால் சாமியார் குணப்படுத்துவார் என்ற நம்பிக்கை இருக்கிற வரைக்கும் அந்தம்மா அனுப்ப மாட்டாள்."

"சரி. சாயங்காலம் நீ பேசாதே."

"கூட்டம் நம்மைச் சும்மா விடுமா?"

"விடாது" என்றார் சுவாமிகள். "நான் மூன்று தரம் தொடுவேன். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிடாதே."