டாக்டர் ஸ்ட்ராவில் ஊதினார்

நெஞ்சக நோய்ப் பிரிவில் மேல்படிப்புக்குச் சேர்ந்தபோது இளம்பரிதிக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்தவர். பாடம் சொல்லித்தந்த டாக்டர் பர்வீன் அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் இவர் வாய் நிறைய "மேடம்" என்பார். பர்வீனும் விடாமல் "பரிதி சார்" என்பார்.

ஒருநாள் காலை பொன்னரசி என்ற கல்லூரி மாணவி வந்தாள். கபடி ஆடுகிறவள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நேரம். கொஞ்ச நாளாக ஓடினால் நெஞ்சு இறுகி, மூச்சில் விசில் சத்தம்.

இளம்பரிதி அவளை மூச்சின் அளவைக் காட்டும் மெஷினில் ஊதச் சொன்னார். நெஞ்சு நிறைய இழுத்து, பலம் கொண்ட மட்டும் ஊதினாள். முதல் வினாடியில் வரவேண்டிய காற்றில் பாதிதான் வந்தது.

அவருக்கு மனசே கேட்கவில்லை. "நுரையீரல் பாதிதாம்மா வேலை செய்யுது. இனிமே கபடி வேணாம்" என்றார்.

அவள் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த வழியாக வந்த பர்வீன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சார் சொன்னீங்க?"

"மெஷின் சொன்னதைத்தான் மேடம் சொன்னேன்."

பர்வீன் வெளியே போய், மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தை அவளுக்குக் கொடுத்து, தலையைத் தடவினார்.

"கால் மணி நேரம் சும்மா உட்காரு கண்ணு. மறுபடி ஊதணும்."

திரும்பி வரும்போது கேன்டீனிலிருந்து ஒரு ஸ்ட்ரா கொண்டுவந்தார். மெஷினின் வாய்க்குழாயில் அதைச் சொருகி, சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினார்.

"ஊதுங்க சார்."

"நானா?"

"நீங்கதான்."

இளம்பரிதி ஊதினார். கன்னம் உப்பி, கண் பிதுங்கியது. காற்று நகர்ந்தால்தானே! திரையைப் பார்த்தார் பர்வீன்.

"ஐயையோ, அந்தப் பொண்ணைவிட மோசம். உங்களை மாடிப்படி ஏற வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"என் நுரையீரல் நல்லாத்தான் இருக்கு மேடம்! ஓட்டை சின்னது, நான் என்ன பண்ண?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பர்வீன் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கால் மணி நேரம் கழித்து, புது வாய்க்குழாய் மாட்டி, பொன்னரசியை ஊத வைத்தார்கள். திரையில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. ஏறக்குறைய முழு அளவு. நெஞ்சில் கை வைத்துப் பார்த்த அவள், "இறுக்கம் இல்ல மேடம்" என்றாள், நம்பாதவள் போல. வெளியே காத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

இளம்பரிதி இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், இதுல எது அவளோட உண்மையான மூச்சு? மருந்துக்கு முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததா?"

"ரெண்டும்தான் சார். முதல்ல வந்தது, காலையில அவ எப்படி வந்தாங்கிறது. அடுத்தது, வைத்தியம் பார்த்தா எப்படி இருப்பாங்கிறது."

"அப்போ நான் சொன்னது?"

பர்வீன் ஸ்ட்ராவைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"அது ரெண்டுலயும் இல்லையே பரிதி சார். அவ வெளியிலதான் இருக்கா, போங்க."