பாதி ஆட்டத்தில் சாயும் மைதானம்

எங்கள் டில்லிபாபு அண்ணன் வாயைத் திறந்தால் புளுகு என்பது வியாசர்பாடியில் எல்லாருக்கும் தெரியும். அதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே நாங்கள் மைதானத்து டீக்கடைப் பக்கம் ஒதுங்குவோம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், கடவுளே, இந்த மனுஷன் புளுகை நாலு பேர் நம்பித் தொலைக்கட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் வடசுடர் கால்பந்து கிளப்புக்குப் புதுசாக ஸ்டேடியம் கட்டித் தர ஒரு புண்ணியவான் முன்வந்திருந்தார். இடம் மீஞ்சூரைத் தாண்டி. கிளப் செயலாளர் எஸ்தர் டீச்சர் ஸ்டேடியத்தின் படத்தை ஃபிளெக்ஸில் அடித்துக்கொண்டு வந்து கோல் கம்பத்திலேயே கட்டிவிட்டார். வெள்ளைக் கூரை, வரிசை வரிசையாக நீலச் சீட்டு, சீட்டுக்குச் சீட்டு நம்பர். படத்தில் நடந்து போகிறவர்களில் ஒருத்தர்கூட எங்கள் ஏரியா முகம் இல்லை. ரசிகர்கள் சரியென்று கை தூக்கினால்தான் கிளப் இடம் மாறும், இல்லையென்றால் இங்கேயே இருக்கும் என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். டீ குடித்து முடித்ததும் ஓட்டெடுப்பு.

எனக்கு மீஞ்சூர் வரைக்கும் பஸ் ஏறச் சோம்பல். டில்லி அண்ணனுக்கு அதைவிடப் பெரிய கவலை. ஒரு காலத்தில் எங்கள் டீமில் கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் ஸ்டாப்பராக நின்றவர், முட்டி போனதிலிருந்து கோலுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். அவரைச் சுற்றி நாங்கள் நிற்போம். எங்கள் டீம் எந்தக் கோலில் அடிக்கிறதோ அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்பது எங்கள் வழக்கம். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் நாங்களும் மொத்தமாகக் கிளம்பி மைதானத்தின் மறுகோடிக்குப் போவோம். அண்ணன் பேசிக்கொண்டே முன்னால் நடப்பார். நம்பர் போட்ட சீட்டில் அதெல்லாம் கிடையாது. ஒருத்தன் ஏ வரிசை, இன்னொருத்தன் டி வரிசை. பேசுவதற்குக் கூட்டம் இல்லாத டில்லி அண்ணனை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாவம், அவராலும் முடியவில்லை.

ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்வாரா? கிரவுண்டை மாற்றினால் டீம் தோற்றுப்போகும் என்று ஆரம்பித்தார். நம்முடைய மைதானம் கால்வாய்ப் பக்கம் சரிவு, நம்ம பசங்க சரிவிலேயே ஓடி வளர்ந்தவர்கள், சமதரை அவர்களுக்கு ஆகாது என்றார். சரிவு என்பது உண்மைதான். மழை பெய்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், அவ்வளவே. அண்ணன் சொன்ன சரிவில், மேட்டில் இருக்கும் கோயில் பக்கக் கோல்கீப்பர் பந்தைக் கீழே வைத்துவிட்டுத் தும்மினால் போதும், பந்து எதிர்க் கோலுக்குள் போய் உட்காருமாம். ஃபார்வர்டு மோசஸ் ஒரு தடவை இறக்கத்தில் எடுத்த ஓட்டத்தில் நிற்க முடியாமல் வலையைக் கிழித்துக்கொண்டு, கால்வாயையும் தாண்டி, பெரம்பூரில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ போய் நின்றானாம். அங்கே மொய் கேட்டார்களாம். எங்கள் பசங்களுக்கு ஏற்றம் என்றால் என்னவென்றே தெரியாததால், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூணாவது மாடிக்கு அவர்களை அம்மாமார்கள் இன்றைக்கும் கயிறு கட்டித்தான் ஏற்றுகிறார்களாம்.

டீக்கடை பெஞ்சிலிருந்து கஜபதி கனைத்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அண்ணனும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், அங்கே ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. வெயிலில் நின்று மண்டை காய்ந்தது போதும், கூரை போட்ட இடம் வேண்டும் என்பது அவர் கட்சி. கக்கூஸ் இல்லாத மைதானத்துக்கு இனிமேல் வரமாட்டோம் என்று சொன்ன பெண்கள் எல்லாரும் அவர் பின்னால் இருந்தார்கள்.

"பாதி ஆட்டத்துல பக்கம் மாத்துவாங்களேடா. முதல் பாதில இறக்கம்னா அடுத்த பாதில நம்ம பசங்க ஏத்தத்துல தானே ஓடணும்?" என்று கேட்டார் கஜபதி.

நியாயமான கேள்வி. அண்ணன் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கஜபதியை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுக்குத்தான்பா நாம எல்லாரும் கெளம்பி அந்தாண்ட போறோம். இன்னா, வேடிக்கை பாக்கவா போறோம்னு நெனச்சிக்கினு இருந்த? ஆயிரம் பேர் கனம் ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் போனா கிரவுண்டு சாயாதா? படகுல நீ ஏறினதே இல்லியா?"

அதாவது, எங்கள் கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மைதானம் தாழும். ஆகவே எங்கள் டீமுக்கு எப்போதும் இறக்கம், வந்தவனுக்கு எப்போதும் ஏற்றம். சொல்லி முடித்ததும் அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

மாவு மில் ஜெயசீலன் கொஞ்சம் கனத்த உடம்பு. ஒரு ஃபைனலில் எங்களுக்கு எதிராக பெனால்டி. பந்து கோலுக்குள் போக ஒரு ஜாண்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஜெயசீலன் தாமதமாக வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாராம். பந்து அப்படியே திரும்பி, அடித்தவனையும் தாண்டி, மைதானம் முழுக்க உருண்டு அவர்கள் கோலுக்குள்ளேயே விழுந்ததாம். அன்றைக்குச் சிறந்த ஆட்டக்காரர் கோப்பையை ஜெயசீலனுக்குக் கொடுத்தார்களாம். ஜெயசீலன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோப்பை என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

இன்னொரு தடவை கார்னர் பக்கம் யாரோ பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்று கூட்டம் மொத்தமும் அந்த மூலைக்கு ஓடிற்றாம். மூலை கால்வாய்க்குள் முங்கி, கொடிக்கம்பின் நுனி மட்டும் தெரிந்ததாம். பிரியாணி தீர்ந்து கூட்டம் கலைந்ததும் மூலை மேலே வந்ததாம். புல்லெல்லாம் கெளுத்தி மீன் துள்ளியதாம். ரெஃப்ரி விசிலைக் கீழே போட்டுவிட்டு வேட்டியில் மீன் அள்ளினாராம். ரெஃப்ரிக்கு ஏது வேட்டி என்று ஒருத்தி கேட்டாள். மீனுக்காகத்தான் அவசரமாகக் கட்டிக்கொண்டு வந்தார் என்றார் அண்ணன்.

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் ஏக்கமாக மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கை தூக்காமல் இருந்துவிடுவார்கள் போல இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அங்கேதான் கஜபதி தன் வேலையைக் காட்டினார். சத்தம் போடவில்லை. டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சும்மா பேசுகிற மாதிரி கேட்டார்.

"அப்ப நம்ம டீம் ஆடி ஜெயிக்கல. ஆளுங்க கனத்துலதான் ஜெயிச்சிது. பசங்க காலுல ஒண்ணும் இல்ல. அப்டித்தான?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பொறுத்துக்கொள்வார். டீமைச் சொன்னால் தாங்கமாட்டார். அண்ணே, விட்டுடுங்க, வாயைத் திறக்காதீங்க என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

கிரவுண்டே இல்லாமல் ஜெயித்த டீம்டா இது என்று ஆரம்பித்தார். ஒரு வருஷம் இங்கே பொருட்காட்சி போட்டு மைதானத்தை அடைத்துவிட்டார்களாம். லீக் மேட்ச் ஆடியே ஆகவேண்டும். எங்கள் பசங்கள் யோசிக்கவே இல்லை, அந்தப் பக்கம் போன கூட்ஸ் வண்டி மேல் ஏறிவிட்டார்கள். எஞ்சின் ஒரு கோல், கடைசியில் இருக்கும் கார்டு பெட்டி ஒரு கோல். வியாசர்பாடியில் கிக் ஆஃப். பெட்டிக்குப் பெட்டி தாவித் தாவிப் பாஸ். பொன்னேரியில் பந்து கீழே விழுந்தது. தண்டவாளத்து ஓரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அதைக் காலால் எத்தி மேலே அனுப்பினார். அவரை உடனே சப்ஸ்டிட்யூட்டாக எடுத்துக்கொண்டோம், மாடு மட்டும் வரமாட்டேன் என்றது. கூடூரில் பாதி ஆட்டம். அங்கே எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டினார்கள், அதனால் பக்கம் மாறுகிற சிரமமும் இல்லை. திரும்பி வியாசர்பாடி வருவதற்குள் மூணு கோல். ஒரு ரசிகன் கிடையாது, ஒரு கைதட்டு கிடையாது. பார்த்தது நான் ஒருத்தன்தான் என்றார்.

சொல்லி முடித்துவிட்டு அண்ணன் மூச்சு வாங்கினார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

கஜபதி தலையை ஆட்டிக்கொண்டார். "ஓடற ரயிலு மேல, ஆளே இல்லாம ஜெயிச்ச டீமு. அது மீஞ்சூர்ல தோத்துடுமாடா?"

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். தோற்றுவிடும் என்று சொன்னால் காரியம் முடிந்தது, ஓட்டு எங்களுக்கு. அந்த ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வரவே வராது. எத்தனை பெரிய புளுகன், இந்தச் சின்னப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எஸ்தர் டீச்சர், போகலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். முதலில் தூக்கிய கை டில்லி அண்ணனுடையது. அதற்குப் பிறகு மற்றவர்கள் தூக்கினார்கள். கடைசியில் நானும் தூக்கினேன்.

கையை இறக்கிய பிறகு அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. "ஜெயிப்பாங்க டீச்சர். எங்க வுட்டாலும் நம்ம பசங்க ஜெயிப்பாங்க. ஆனா அங்க சீட்டுல நான் ஒரு மூலைல, இவங்கல்லாம் ஒரு மூலைல. ஜெயிச்சத நான் யார்கிட்ட சொல்லிக்கினு இருப்பேன்?"

கஜபதி எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு டீச்சர் பக்கத்தில் போனார். டில்லிக்கு எந்த நம்பர் வருகிறதோ அதற்குப் பக்கத்து நம்பர் தனக்கு வேண்டும், வேறு எங்கே போட்டாலும் வரமாட்டேன் என்றார்.

அண்ணன் நிமிர்ந்தார். ஒரு நிமிஷத்தில் ஆள் பழையபடி ஆகிவிட்டார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாத்தியா, என் பேச்சு கேக்காம இவனால இருக்க முடியல" என்றார்.

"அதெல்லாம் இல்ல. அங்க வர்றவங்க புதுசு. நான் பக்கத்துல இல்லன்னா நம்பிடுவாங்க" என்றார் கஜபதி.