தூசு மூடிய நட்சத்திரம்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மலைமேல் இருந்த அந்த வானாய்வகத்தில் குரு, வஹிதா மேடம். சிஷ்யர் சவரிமுத்து, பாதி வாழ்க்கை கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, சம்பளமில்லா விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

சவரிமுத்துவின் ஆராய்ச்சி ஒரே ஒரு நட்சத்திரம். எங்கோ தொலைவில் திடீரென்று பிரகாசமாகி, பிறகு அடியோடு காணாமல் போனது. அது கக்கிய தூசே அதை மூடிக்கொண்டது. இப்போது அகச்சிவப்புக் கேமராவுக்கு மட்டும் ஏதோ தெரிகிறது. அதுவும் நட்சத்திரம் அல்ல, சூடேறிய தூசுதான். உள்ளே நட்சத்திரம் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பல்கலைக்கழகம் கடைசித் தவணையும் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவு ரத்து. 'ஒரு நட்சத்திரத்தின் மரணம்' என்று தலைப்பும் வைத்துவிட்டார். மேடம்தான் கையெழுத்துப் போடாமல் இருந்தார்.

அன்று காலை சவரிமுத்து சிவந்த கண்களோடு வந்து நின்றார்.

"படத்துல இருந்து தூசைக் கழிச்சுக் கழிச்சுப் பார்த்துட்டேன் மேடம். ஒண்ணுமே மிஞ்சல. செத்துப்போச்சுன்னே போட்டுரலாம்."

"தூசை எதுக்குக் கழிச்சீங்க?"

"அதுதானே மறைக்குது."

மேடம் பெருமூச்சு விட்டார். அவருக்கும் தூக்கமில்லை. "வாங்க சார்" என்று எழுந்தார்.

விருந்தினர் விடுதிக்குப் பின்னால், குளிருக்கு வெந்நீர் போடும் இரண்டு அடுப்புகள் இருந்தன. இரண்டிலும் சாம்பல் மேடு தட்டியிருந்தது.

"ஒண்ணுல நெருப்புக் கங்கு எல்லாத்தையும் வாரிட்டேன். இன்னொண்ணுல அப்படியே இருக்கு. எதுல நெருப்பு இருக்கு, சொல்லுங்க."

சவரிமுத்து குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே சாம்பல். பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்தார்.

"குச்சி எதுக்கு?"

"கிளறிப் பார்க்கத்தான்."

"உங்க நட்சத்திரம் வரைக்கும் எட்டுமா அது?"

குச்சியைக் கீழே போட்டார். சாம்பலுக்கு மேலே கையை நீட்டினார். இந்தப் பக்கம் சூடு. அந்தப் பக்கமும் சூடு.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு மேடம்."

"இப்போதைக்கு."

"எப்போ தெரியும்?"

"ஆறினா தெரியும்."

"ஆறலேன்னா?"

"அப்பவும் தெரியும்."

இருவரும் அங்கேயே கல்லில் உட்கார்ந்தார்கள். நேரம் போனது. சவரிமுத்து மறுபடி கை நீட்டினார். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அடுப்பு ஆற அரை நாள் ஆகலாம். அந்தத் தூசு ஆற எத்தனை வருஷமோ. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

"எனக்கு அவ்வளவு நாள் இல்லையே மேடம். இந்த வயசுல மறுபடி யாரு பதிவு பண்ணுவாங்க? செத்துப்போச்சுன்னு எழுதினா ஒருத்தரும் மறுக்க முடியாது."

"முடியாதுதான். ஆனா நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்போ தெரியாதுன்னு எழுதவா? இத்தனை வருஷம் கண் முழிச்சது தெரியாதுன்னு சொல்லவா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. அலுத்துப்போயிருந்தது.

வஹிதா மேடம் அவர் கையைப் பார்த்தார். அது இன்னும் சாம்பலுக்கு மேலேதான் இருந்தது.

"தெரியாதுன்னு எழுதாதீங்க சார். தூசு இன்னைக்கு இவ்வளவு சூடா இருக்குன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."