நரி கொடுத்த மூங்கில்

கழிமுகக் காட்டில் ஒரு நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. அந்த வருஷம் ஆற்றில் மீன் அற்றுப்போனது. கடலுக்கு அப்பால் ஒரு தீவு. அதைச் சுற்றி மீன் கொழுத்துக் கிடந்தது. பிடித்து, காயவைத்துக் கொண்டுவந்தால் மழைக்காலம் முழுக்கக் குட்டிகள் பசியாறும். சுமை ஏற்ற ஒரு தெப்பம் வேண்டுமே!

அணில்கள் ஓடி வந்தன. "எங்க இலுப்பைப் பூவையும் ஏத்திக்கோ அக்கா! தீவுக் குரங்குகளுக்கு அதுன்னா உயிர். பதிலுக்கு வாதாங்கொட்டை தருவாங்க!"

"தெப்பம் கவிழ்ந்துட்டா?"

"எங்க பூவும் போச்சு, அவ்வளவுதான். உன்கிட்ட வந்து கேப்போமா?"

அதுதான் அந்தக் காட்டு வழக்கம். கடல் கொண்டுபோனதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பத்திரமாக வந்துசேர்ந்தால் ஆளுக்கொரு பங்கு.

மூங்கில் இருந்தது நரியிடம்.

"தாராளமா வெட்டிக்கோ தங்கச்சி! வர்றதுல பாதி எனக்கு. கவிழ்ந்தா, மூங்கிலுக்கு ஈடா உன் வளை எனக்கு."

நீர்நாய்க்குச் சுருக்கென்றது. வளை போனால் குட்டிகள் எங்கே படுக்கும்?

"அதெப்படி அண்ணாச்சி? லாபத்துல பாதி எதுக்குத் தர்றது? நஷ்டத்துக்கும் தோள் கொடுக்கறதுக்குத்தானே! அலையில உசுரை வச்சுத் துடுப்புப் போடறது நான். கவிழ்ந்தா வெட்டவெளியில நிக்கிறதும் நானேவா?"

"என் மூங்கில், என் பேச்சு!"

"மூங்கில் உங்களுதுதான். பேச்சுதான் ரெண்டா இருக்கு! பங்காளியா வாங்க, பாதி உங்களுக்கு. கவிழ்ந்தா என்னைக் கேக்கக் கூடாது. இல்லையா, கடனாக் கொடுங்க. கவிழ்ந்தா வளையை எடுத்துக்கோங்க. திரும்பி வந்தா மூங்கிலுக்கு மூங்கில். அதுக்கு மேல ஒரு மீன்முள்ளுகூடக் கிடையாது. எது வேணும்?"

மேலே கிளையில் இருந்த காகம் சிரித்தது. "மாட்டினாரு அண்ணாச்சி!"

நரி கடலைப் பார்த்தது. வானம் கருத்துக் கிடந்தது. 'இவளாவது, திரும்பி வர்றதாவது!' என்று நினைத்துக்கொண்டது.

"கடன்தான்! காக்கா, நீயே சாட்சி!"

நீர்நாய் மூங்கிலை வெட்டித் தெப்பம் கட்டி, குட்டிகளை வளையிலேயே அணில்களின் காவலில் விட்டுவிட்டுப் புறப்பட்டது. அவசரப்படவில்லை. காற்று அடங்கும்வரை முகத்துவாரத்தில் ஒரு கண்டல் மரத்தில் தெப்பத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்தது. அப்புறம் துடுப்பை எடுத்தது.

இங்கே நரி தினமும் வளைக்கு வந்து படுத்துப் பார்த்தது. "தள்ளிப் படுங்கடா! இன்னும் கொஞ்ச நாள்தான் உங்களுக்கு இந்த இடம்."

ஒரு காலை தெப்பம் கரை ஒதுங்கியது. வழியில் ஓர் அலை சில மீன் கூடைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. இருந்தாலும் மீதிக்குக் குறைவில்லை. குட்டிகள் தாயின் மேல் ஏறிப் புரண்டன. அணில்கள் தங்கள் பங்கு வாதாங்கொட்டைகளை உருட்டிக்கொண்டு போயின.

நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. "எங்கே என் பாதி?"

"பாதியா? நீங்க கொடுத்தது கடன்!" என்றது காகம்.

நீர்நாய் தெப்பத்தின் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தது. மூங்கில்களை உருட்டி நரியின் காலடியில் போட்டது.

"ஒண்ணுகூடக் குறையல அண்ணாச்சி. கொஞ்சம் ஈரமா இருக்கு, காயவச்சுக்கோங்க!"

நஷ்டத்தில் தோள் கொடுக்க மனமில்லாதவருக்கு லாபத்தில் கை நீட்ட உரிமையில்லை.